பூட்டில்லாத சாவி

1954 ஜனவரி 21, வியாழன்

பனி. கரமனை ஆற்றின் மேல் வெயில் ஏறும்வரை கலையவில்லை.

சைக்கிளுக்கு எண்ணெய் விட்டாயிற்று. பின் டயர் தேய்ந்திருக்கிறது, தாங்கும். எடுத்துப்போக: பம்ப், பஞ்சர் பசை, கம்பளி, அவல், வெல்லம், அட்டைக்கடிக்குப் புகையிலை.

மத்தியானம் பூதப்பாண்டியிலிருந்து ஆள். தாணுவுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் தாய்மாமன் செவ்வாய்க்கிழமை என்னைப் பார்க்க வருகிறாராம். தாணுவைப் பற்றி விசாரிக்க. மாப்பிள்ளையின் கூட்டாளியைக் கேட்டால்தான் உண்மை வரும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே போல் ஒருவர் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், தாணுவிடம் என்னைப் பற்றிக் கேட்டார். எனக்குப் பேசியிருந்த கோமதிக்காக. தாணு சொன்னது: நல்ல பையன்தான், ஆனால் வலிப்பு உண்டு. அதோடு தீர்ந்தது. கோமதி இப்போது நாகர்கோவிலில், ஒரு கண்டிராக்டர் வீட்டில். பிறகு வந்த சம்பந்தங்களும் பாதி வழியில் திரும்பிப் போயின. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. போன மாதம்தான் கோமதியின் சித்தப்பா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

தாணுவிடம் காட்டிக்கொள்ளவில்லை. சைக்கிளில் காடு பார்க்கப் போவோமா என்றேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான்.

மூன்று நாள் கூடவே இருந்தால் எவனிடமும் ஒரு குறை கண்ணில் படும். ஒன்று போதும். பொய் சொல்ல மாட்டேன். உண்மையாகவே இருக்கவேண்டும்.

ஜனவரி 22, வெள்ளி. காட்டாக்கடை

விடியுமுன் புறப்பாடு. வெள்ளாயணி வழியாகத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன்.

காயலில் பாதியை இறைத்து நெல் போட்டிருக்கிறார்கள். நெல்லுக்குள் நீலக்கோழிகள். காவல்காரன் தகர டின்னை அடிக்கிறான். எழுந்து பறந்து அடுத்த வயலில் இறங்குகின்றன. அவன் அங்கே ஓடுகிறான். மீதிக் காயலில் தாமரை. ஒரு கம்பத்தின் மேல் நீர்க்காகம், சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு.

இந்தக் கரையில்தான் விழுந்தேன். எம்.ஏ. பரீட்சைச் சமயம், மேட மாதத்து வெயில், முந்தின நாளிலிருந்து பட்டினி. கண் விழித்தபோது தாணுவின் மடியில் தலை. கை கால் உதறியதா? விழுந்தவனுக்கு எப்படித் தெரியும். அதன் பிறகு ஒரு தடவைகூட வந்ததில்லை.

தாணு அந்த இடத்தில் மணி அடிக்காமல் வந்தான். ஞாபகம் இருக்கிறது அவனுக்கு.

எப்போதும் எனக்குப் பின்னால்தான் வருகிறான். அவன் சைக்கிள் புதுசு, டைனமோ விளக்கு; அழுத்தினால் என்னை விட்டுப் பறந்துவிடலாம். முன்னால் போ என்றால், "நீ போலே, நான் வாறேன்." குழியில் இறங்கும்போதெல்லாம் அவன் பையில் ஏதோ இரும்பு பாரில் இடிக்கிறது. டங். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம்.

இன்றைக்குக் கண்ட குறைகள்: சுருதி சேராமல் பாடுகிறான். ஏத்தம்பழத்துக்கு அநியாயப் பேரம். தேநீரைச் சத்தமாக உறிஞ்சுகிறான். இவற்றால் எந்தக் கல்யாணமும் நிற்காது.

ஜனவரி 23, சனி. போனக்காடு

ஆரியநாடு. விதுரையில் புட்டும் கடலையும். கடைக்காரர் எங்கோட்டு என்று கேட்டார். காடு பார்க்க என்றதும் கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "காடு காணானோ? ரெண்டு படிச்ச பிள்ளேரு," என்றார் ஒருவர். தாணுவும் சேர்ந்து சிரித்தான். அவனுக்குக் கோபமே வராது. அதுவும் குறையில்லை.

ரிசர்வ் காட்டு எல்லையில் காவலர். ஆனை இறங்கியிருக்கிறது, வளைவுதோறும் மணி அடித்துக்கொண்டு போகச் சொன்னார். ஏற்றம். பாதிக்குமேல் உருட்டிக்கொண்டு நடை. ஈட்டி, மருது, பெயர் தெரியாத நூறு மரங்கள். வெளிச்சம் பச்சையாக வருகிறது. வழியில் ஆனைப் பிண்டம், புதுச் சாணம், ஆவி பறந்தது. அவன் பயப்படுவான் என்று காத்திருந்தேன். பயந்து ஓடினால்கூட எடுத்துச் சொல்லலாம். என்னைச் சாலையின் உள்பக்கம் விட்டு, தான் பள்ளத்துப் பக்கம் நடந்தான்.

அட்டை: எனக்கு ஐந்தாறு, அவனுக்கு ஒன்றும் இல்லை.

எஸ்டேட் குமாஸ்தா திருநெல்வேலிக்காரர். தமிழ் கேட்டதும் அறை ஒழித்துக் கொடுத்தார். தேயிலை வறுபடும் வாசனை. கூலிகளின் லைன் வீடுகளில் யாரோ பிள்ளையைத் திட்டும் குரல், சுத்தத் தென்காசி.

தீப்பெட்டி தேடி அவன் பையில் கை விட்டேன். டங் இதுதான். ஒரு சாண் நீளச் சாவி, கனத்த இரும்பு. பழைய நெல் பத்தாயத்துச் சாவி. எந்தப் பூட்டுக்கு என்றேன்.

"பூட்டெல்லாம் எப்பமோ போச்சு. ஒனக்காச்சுட்டித்தான் மக்கா. திடீர்னு வந்துட்டா கையில இரும்பு கொடுக்கணுமில்லா."

வலிப்பு வந்தவன் கையில் இரும்பு. எங்கள் பக்கத்தில் பூட்டில்லாத சாவியைக் கூடவே கொண்டு நடந்தால் எதற்கென்று எவரும் கேட்கமாட்டார்கள்; வலிப்புக்காரன் என்று புரிந்துகொள்வார்கள்.

இரண்டு வருஷமாக என்னோடு எங்கே வந்தாலும் கொண்டுவருகிறானாம். சினிமாக் கொட்டகைக்குக்கூட. சங்குமுகம் கடற்கரைக்கு.

கேட்டுவிட்டேன். கோமதி வீட்டாரிடம் நீதானே சொன்னாய்.

மறைக்கவில்லை. "கேட்டாங்க. ஒரு பொண்ணைக் கெட்டிக்கொடுக்கப் போறவங்ககிட்ட எப்பிடிலே மறைக்க? உள்ளதைச் சொன்னேன்." கொஞ்சம் கழித்து: "நாளைக்கு என்னைப் பத்தி வந்து கேட்டாலும் நீ உள்ளதைத்தான் சொல்லணும்."

பட்டினி மயக்கம் அது என்றேன். தலையாட்டினான், நோயாளி சொல்வதற்குத் தலையாட்டுவது போல. கம்பளியை என் பக்கம் தள்ளிவிட்டுப் படுத்தான். உடனே தூக்கம்.

வன்மத்தில் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். இவன் என் வாழ்க்கையை அக்கறையால் முறித்திருக்கிறான். முறித்துவிட்டு, கட்டுப்போடப் பின்னாலேயே வருகிறான்.

ஜனவரி 24, ஞாயிறு. வீடு

இறக்கம். பிரேக்கை நம்பவேண்டாம், ரப்பர் கரிந்துவிடும் என்றார் குமாஸ்தா. இலையோடு பச்சைக் கொப்பு வெட்டி, காரியரில் கட்டி, பின்னால் இழுபட விட்டு இறங்குவதுதான் இங்கே வழக்கம். தாணு இரண்டு கொப்பு வெட்டினான். கனத்ததை எனக்குக் கட்டினான். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். தனக்குச் சின்னது.

அவன் தண்ணீர் குடிக்கப் போனபோது அவன் முடிச்சின் மேல் விரல் வைத்தேன். தளர்ந்த முடிச்சு, ஒரு இழுப்பு போதும். விரலை எடுத்துவிட்டேன். பள்ளத்தில் விழுந்தவன் மேல் எல்லாருக்கும் இரக்கம் வரும். அவனுக்கு அது கிடைக்கக் கூடாது.

இறங்கினோம். பின்னால் இலைகள் சாலையைப் பெருக்கும் சத்தம், புழுதி, மணி, டங். அழகாகத்தான் இருந்தது. எழுதிவைக்கிறேன்: அழகாக இருந்தது.

கரமனைப் பாலத்தில் பிரியும்போது சாவியை என் கையில் வைத்தான். "நீயே வச்சுக்கோ. கல்யாணம் ஆயிட்டா எப்பமும் கூட வர முடியாதில்லா."

வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 25, திங்கள்

டுட்டோரியல் வகுப்பு. தொடை வலி. திருத்தவேண்டிய கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. காற்றில் பறக்காமலிருக்க மேலே சாவி.

குறை ஒன்றும் கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 26, செவ்வாய்

விடுமுறை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடியோடு ஊர்வலம்.

பத்து மணிக்குப் பெண்ணின் தாய்மாமன் வந்தார். வெள்ளை வேட்டி, வெற்றிலை, நல்ல மனிதர். அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். குடி கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. கோபம் வராது. கூட வருகிறவர்களைக் கண்போல் பார்த்துக்கொள்வான். எல்லாம் உண்மை. அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

பிறகு மேசையைப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, பத்தாயச் சாவில்லா?"

"தாணுவோடது. வெளிய போனா கூடக் கொண்டு நடப்பான்."

"எந்தப் பூட்டுக்கு?"

"பூட்டு கிடையாது."

சாவியைக் கையில் எடுத்தார். கனம் பார்த்தார். எடுத்த இடத்திலேயே, சத்தம் வராமல் வைத்தார். யாருக்காக என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா?

எழுந்துகொண்டார். என் தோளைத் தொட்டு, "உள்ளதைச் சொன்னீங்க தம்பி. புண்ணியமா இருக்கும்," என்றார்.

காபி பாதி மிச்சம், ஆடை கட்டிவிட்டது.

சைக்கிள் பின் சக்கரத்தில் காற்று இறங்கியிருக்கிறது. பம்ப் தாணுவிடம்.