ஒரு கல்லும் மிஞ்சாத சுவர்

அனுப்புநர்:
தையல்காரர்,
கிடங்குச் சந்து, கடைசி வீடு.

பெறுநர்:
நகராட்சிப் பொறியாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: கிடங்கின் சுற்றுச்சுவர் சாய்ந்து வருவது – சுவரை ஒட்டிய மூட்டைகளை உடனே அகற்ற ஆணையிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கிடங்குச் சுவர் நடுப்பகுதியில் எங்கள் சந்தின் பக்கம் இரண்டு அங்குலம் சாய்ந்துள்ளது. தங்கள் அலுவலக உதவிப் பொறியாளர் இன்று காலை தூக்குக்குண்டு பிடித்து அளந்து, என்னிடம் நேரில் தெரிவித்தது இது.

1. சுவர் எண்பது அடி நீளம், பத்து அடி உயரம். பத்து அடிக்கு ஒன்றாக, கம்பி வைத்த கான்கிரீட் தூண்கள் ஒன்பது இருக்க வேண்டும் என்று அனுமதி வரைபடத்தில் உள்ளது. நேற்று மூன்றாவது தூணின் பூச்சு உதிர்ந்தது. உள்ளே கம்பியும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. வெறும் ஹாலோ பிளாக் கல். தூண் போலப் பூச்சில் பட்டை மட்டும் இழுத்திருக்கிறார்கள்.

2. மற்ற எட்டும் அப்படித்தான் என்று நான் அஞ்சுவதற்குக் காரணம், கல் கணக்கு. கலவை இடைவெளி சேர்த்து எட்டுச் சதுர அடிக்கு ஒன்பது கல் பிடிக்கும். எண்ணூறு சதுர அடிக்குத் தொள்ளாயிரம். சுவர் கட்டியபோது உடைசலுக்கு நாற்பத்தைந்து கூட்டி இறக்கினார்கள். கல் அடுக்கியிருந்தது என் வாசலில்தான். காவலுக்கும் என்னையே சொல்லியிருந்தார்கள். ஓர் அடி அகலத் தூண்கள் ஒன்பது நின்றிருந்தால் அந்த இடத்துக்குக் கல் தேவைப்பட்டிருக்காது; சுமார் நூறு கல் மிஞ்சியிருக்கும். உடைந்த துண்டுகளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. "தையல்காரரே, நீங்க துணி வெட்டுற மாதிரி நானும் மிச்சமில்லாம முடிச்சிட்டேன், பாத்தீங்களா" என்று கொத்தனார் சொன்னபோது நாங்கள் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம்.

3. சுவரின் மறுபுறம் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு மேல் சாய்த்து அடுக்குகிறார்கள். கிடங்கு மேலாளரிடம் முறையிட்டேன். "தூணு உள்ள இருக்குய்யா, வெளிய எப்படித் தெரியும்? நீங்க சட்டையத் தைங்க, சுவர நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

4. சந்தின் அகலம் நான்கு அடி. ஆறு வீடுகளுக்கும் வாசல் அதில்தான். வேறு வழி கிடையாது. என் மனைவி தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டி, சுவருக்கு எதிரேயுள்ள அறையில் படுத்திருக்கிறார். அசைக்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. ஒவ்வொரு மூட்டை விழும்போதும் கட்டில் அதிர்வதாகச் சொல்கிறார். இன்று மதியம், "நீங்க மெஷினை எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிருங்க, எனக்குத் துணைக்கு யாரும் வேண்டாம்" என்றார். நான் போகவில்லை.

சுவரை இடிப்பதும் திரும்பக் கட்டுவதும் விசாரணைக்குப் பிறகு ஆகட்டும். மூட்டைகளை அகற்றும் ஆணையை மட்டும் உடனே பிறப்பிக்குமாறு ஆறு வீட்டார் சார்பில் பணிந்து வேண்டுகிறேன்.

அந்த ஆணை தங்கள் மேசையில் கையொப்பத்துக்காக உள்ளது என்றும், தாங்கள் வெள்ளிக்கிழமை திரும்புவீர்கள் என்றும் உதவிப் பொறியாளர் கூறினார். அடுத்த சரக்கு, நான்கு லாரி, புதன்கிழமை காலை வருகிறது என்று கிடங்குக் காவலாளி கூறுகிறார்.

இடம்: கிடங்குச் சந்து
நாள்: திங்கட்கிழமை மாலை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
கடைசி வீட்டுத் தையல்காரர்