மேலகரத்து மேற்குச் சுவர்

சுங்கைப்பட்டாணி, மலாயா
10-5-1936

அன்புள்ள ஆவுடைநாயகம் அத்தானுக்கு,

பால்வண்ணநாதன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை குழல்வாய்மொழியும் சுகம். பிச்சம்மாள் அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும். மரியாதை இதோடு முடிந்தது அத்தான். இனி கோபம்.

தை மாதம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினீர்கள். சித்திரையும் முடியப்போகிறது. சுவர் இடுப்பளவு நிற்கிறது என்று எழுதுகிறீர்கள். யார் இடுப்பு? மேலகரத்தில் நீங்கள் கட்டுவது என் வீடா, ஆட்டுப்பட்டியா? இந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலைக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. அடுத்த தையில் எனக்கு முறை. வந்து இறங்கும்போது பால் காய்ச்ச ஒரு கூரை வேண்டும். மைத்துனர் வீட்டு மச்சில் பாய் விரித்துப் படுத்துவிட்டுக் கப்பலேற முடியாது.

மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் ஒன்று வையுங்கள் என்று மூன்று கடிதத்தில் எழுதிவிட்டேன். பின்கட்டில் படுத்தபடியே குற்றால மலை தெரிய வேண்டும். இங்கே துரை பங்களாவில் அப்படித்தான் இருக்கிறது. சரி என்றோ மாட்டேன் என்றோ நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுதபாலில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பால்வண்ணநாதன்


தென்காசி
4-6-1936

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆவுடைநாயகம் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து கொத்தனார் மட்டும் நலமில்லை.

கடற்கரைக் கொத்தனாரிடம் உங்கள் கடிதத்தை நானே வாசித்துக் காட்டினேன். ரோசம் வந்து வேகமாக வேலை செய்வான் என்று நினைத்தது என் புத்தி. ஆட்டுப்பட்டி என்ற இடம் வந்ததும் கரண்டியைக் கழுவினான். "அண்ணாச்சி, அவாள் அங்கன இருந்துக்கிட்டே செவரு வைக்கட்டும். நான் வீட்டுக்குப் போறேன்" என்றான். நாலு நாள் அவன் வாசலுக்கு நடந்தேன். வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறை. இனி திட்டுவதென்றால் எனக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

மேற்கே ஜன்னல் கிடையாது. ஐந்து வருஷம் வெயிலில் ரப்பர் மரத்தை எண்ணிக்கொண்டிருந்ததில் ஊர்க் காற்று மறந்துவிட்டதா? ஆனியில் மேல்காற்றும் சாரலும் சேர்ந்து எங்கே வந்து அறையும்? அந்தச் சுவரில்தான். ஜன்னல் வைத்தால் நீங்கள் படுத்தபடியே மலையைப் பார்க்க வேண்டியதில்லை, மிதந்தபடியே பார்க்கலாம். மேற்கு முழுக்க மூடின சுவர். புறவாசலைக்கூட வடக்கே திருப்பிவிட்டேன்.

வாசல் நிலைக்கு எடுத்த தேக்கு செங்கோட்டைச் சுங்கச் சவுக்கையில் கிடக்கிறது. திருவிதாங்கூர்ச் சர்க்கார் முத்திரை குத்தினால்தான் வண்டி நகரும். சாரலும் முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. ஈரத்தில் சுண்ணாம்பு இறுகாது. ஆடி முடிகிற வரை கல்லின்மேல் கல் வைக்க மாட்டேன்.

குழலு ஏன் தன் கையால் இரண்டு வரி எழுதவில்லை? பிச்சம்மாள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஆவுடைநாயகம்


சுங்கைப்பட்டாணி
28-6-1936

அன்புள்ள அத்தானுக்கு,

பால்வண்ணநாதன் எழுதுவது. சாரலாம், சவுக்கையாம். தென்காசியில் உங்களுக்கு முன்னால் யாரும் வீடு கட்டியதே இல்லையா?

சுண்ணாம்பு இறுகாவிட்டால் சிமிட்டி வாங்கிப் போடுங்கள். ஜன்னலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டால் தண்ணீர் எப்படி உள்ளே வரும்? வீடு என்னுடையது. அதில் படுக்கப்போவது நான். நனைந்தால் நான் நனைகிறேன். உங்களுக்கு ஏன் குளிருகிறது?

ஆவணியில் நிலை வைத்தாக வேண்டும். ஐப்பசிக்குள் ஓடு ஏற வேண்டும். இனி ஒரு சாக்கும் கேட்க மாட்டேன்.

உங்கள் தங்கை சுகம். எழுதத்தான் சோம்பல். நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி, யாராவது கப்பலேறினால் கொடுத்து அனுப்பச் சொன்னாள். இங்கே கிடைக்கிற எதுவும் வாய்க்குப் பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளிவிடுகிறாள்.

பால்வண்ணநாதன்


தென்காசி
20-7-1936

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஆவுடைநாயகம் ஆசீர்வாதம். தேக்கு வந்துவிட்டது. பிச்சைமணி ஆசாரி நிலையை இழைத்து முடித்துவிட்டான். மேல்கட்டையில் நடுவே தாமரை, இரண்டு பக்கமும் கிளி. மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து ஜனங்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்களும் ஒருமுறை பார்த்தால் என்னைத் திட்டுவதற்கு வாய் வராது.

இப்போது ஒரு காரியம். விளையாட்டுப் பேச்சு இல்லை. நார்த்தங்காய் விஷயம் கேட்டதிலிருந்து பிச்சம்மாள் என்னைப் பிடித்துப் பிடுங்குகிறாள். "ஊறுகா கேக்குதாளாம்லா, சும்மாவா கேப்பா? தட்டைத் தள்ளுதாளாம்லா? ஒரு வரி எழுதிக் கேளுங்க" என்கிறாள்.

கேட்கிறேன். குழலுவுக்கு விசேஷம் உண்டா? வீட்டுக்காரி முழுகாமல் இருக்கும்போது அந்த வீட்டுக்கு நிலை வைக்கக் கூடாது. இது என் வீட்டு வழக்கமும் உங்கள் வீட்டு வழக்கமும்தான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டும் தங்காமல் போனவள் அவள். உண்டு என்றால் சொல்லிவிடுங்கள். சந்தோஷமாக வேலையை நிறுத்துகிறேன். பிள்ளை பிறந்து தவழட்டும், அப்புறம் வைப்போம். தேக்கு எங்கேயும் ஓடிவிடாது. கடற்கரையும் ஓட மாட்டான், அவனைச் சமாதானப்படுத்த எனக்கு வழி தெரிந்துவிட்டது.

நாள் பார்த்துவிட்டேன், ஆவணி இருபது வாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்குள் உங்கள் பதில் வர வேண்டும். வராவிட்டால் வைக்க மாட்டேன்.

ஆவுடைநாயகம்


சுங்கைப்பட்டாணி
8-8-1936

அத்தானுக்கு,

விசேஷம் ஒன்றும் இல்லை. குழல்வாய்மொழிக்கு வயிற்றுக் கோளாறு, அவ்வளவுதான். ஊறுகாயை வைத்து ஜோசியம் பார்ப்பதை அக்கா விட்டுவிடட்டும்.

நிலையை வையுங்கள். இதற்குமேல் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன்.

பால்வண்ணநாதன்


தென்காசி
6-9-1936

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கும் குழலுவுக்கும்,

நிலை வைத்தாயிற்று! வெள்ளிக்கிழமை காலையில், சாரல் விட்டு மலை நன்றாகத் தெரிந்த நேரம். குழியில் நவதானியமும் ஒரு வெள்ளிக் காசும் போட்டோம். நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினாள் பிச்சம்மாள். நீங்கள் இல்லாத குறைக்கு நிலையின் ஒரு கால் நான் பிடித்தேன், மறு கால் கடற்கரை பிடித்தான். தூக்கி நிறுத்தியதும் மூன்று தடவை தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கச் சொன்னேன். சொந்த வீட்டுக்குக்கூட அப்படிச் சொன்னதில்லை. என் தங்கை இதற்குள் வந்து நுழைவாள் என்று நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. கடற்கரை பார்க்காத மாதிரி நின்றான்.

குழலு, உனக்கு இரண்டு ஜாடி நார்த்தங்காய். உங்கள் தோட்டத்து மருந்துக்கடைக்காரன் பண்பொழிச் சிவசைலத்தின் தம்பி அடுத்த கப்பலில் அங்கே வருகிறான். அடுத்த வருஷம் இதே நாளில் உன் கையால் எனக்குச் சோறு போடு. மாப்பிள்ளையின் ஜன்னலைப் பற்றி மட்டும் பேசாதே.

ஆவுடைநாயகம்


தென்காசி
29-11-1936

பால்வண்ணநாதன் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்க மனசு இல்லை.

உங்கள் தோட்டத்தில் மருந்துக்கடை வைத்திருந்த சிவசைலம் ஊருக்கு வந்திருக்கிறான். நேற்று வீட்டுக்கு வந்தான். காப்பி கொடுத்தோம். குழலு எப்படி இருக்கிறாள் என்று பிச்சம்மாள் கேட்டாள். "அக்காவுக்கு இப்பம் தேவலை மதினி. புரட்டாசில கலஞ்சு போனதுல இருந்து ஒடம்பு தேறவே இல்லை. மாசம் அஞ்சு முடிஞ்சிருந்ததாம்லா, உங்களுக்குத் தெரியாதா?" என்றான். எங்களுக்குத் தெரியாது ஐயா. எங்களுக்குத் தெரியாது. பிச்சம்மாள் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது.

புரட்டாசியில் ஐந்து மாதம் என்றால், நான் கேட்டு எழுதியபோது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே விசேஷம் இல்லை என்று எழுதினீர்கள். மை போட்டு, கையெழுத்துப் போட்டு, ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினீர்கள். அதை நம்பி நான் நிலையைப் பிடித்தேன். இந்தக் கையால் பிடித்தேன். தாமரை என்ன, கிளி என்ன என்று கூத்தடித்தேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். அவள் வயிற்றுக்கு நானே குழி தோண்டிக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்க நினைக்க, சோற்றில் கை வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை கடிதம் எழுதினீர்கள்! சீமை ஓடா நாட்டு ஓடா என்று எழுதினீர்கள். கூரைக் கைமரத்துக்கு வேங்கை போதுமா என்று எழுதினீர்கள். பிள்ளை போய்விட்டது என்று ஒரு வரி எழுத வரவில்லையா? நீர் மனுசன்தானா?

இன்று காலை கடப்பாரை எடுத்துக்கொண்டு மேலகரம் போனேன். நிலையின் இரண்டு பக்கமும் சுவரை இடித்தேன். கடற்கரை வந்து கையைப் பிடித்தான், உதறினேன். நிலையைப் பிடுங்கி மேற்குச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். வாசல் பிளந்து கிடக்கிறது. நீங்கள் கேட்டீர்களே ஆட்டுப்பட்டி, இப்போது அப்படித்தான் இருக்கிறது.

என் தங்கையை அனுப்பிவிடுங்கள். அவள் என் வீட்டுக்கு வரட்டும். உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

ஆவுடைநாயகம்


சுங்கைப்பட்டாணி
20-12-1936

ஆவுடைநாயகம் பிள்ளை அவர்களுக்கு,

என் வீட்டு வாசலை இடிக்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இல்லை என்று எழுதினேன். ஆமாம், எழுதினேன். உண்டு என்று எழுதியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சந்தோஷமாக நிறுத்துகிறேன் என்றீர்களே, அதைத்தான் செய்திருப்பீர்கள். இந்த லீவு தவறினால் அடுத்தது ஐந்து வருஷம் கழித்து. தையில் அவளைப் பிரசவத்துக்கு ஊருக்குக் கூட்டி வந்து, பிள்ளையை அந்த வீட்டில் தொட்டிலில் போட வேண்டும் என்றுதான் நாயாகப் பேயாக உங்களை விரட்டினேன். அது உங்கள் மூளைக்கு எட்டாது. நிலை வைத்தால் கரு கலைந்துவிடும் என்றால், ஊரில் கர்ப்பிணி இருக்கிற வீட்டிலெல்லாம் கதவைக் கழற்றி வைப்பீர்களா?

போனது எனக்கும் பிள்ளைதான். உங்களுக்கு மட்டும் வலித்த மாதிரி எழுதுகிறீர்கள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஓடுகளைப் பற்றி எழுதத்தான் வந்தது. இதற்குமேல் உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மனைப் பத்திரத்தையும் வீட்டு வரைபடத்தையும் சிவசைலத்திடம் ஒப்படையுங்கள். இனி அவன் பார்த்துக்கொள்வான். உங்களுக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

பால்வண்ணநாதன்


சுங்கைப்பட்டாணி
20-12-1936

அண்ணாச்சிக்கு,

குழல்வாய்மொழி எழுதுகிறேன். இதே உறையில் அவர் எழுதியதும் இருக்கிறது. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார். வாசித்தேன். நீங்கள் எழுதியதையும் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து வாசித்தேன். இதை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறேன். ஆகவே இது உங்கள் இரண்டு பேருக்கும்.

எனக்குக் காய்ச்சல். தோட்டத்தில் எல்லாருக்கும் வருகிற குளிர்காய்ச்சல். ஒன்பது நாள் விடவில்லை. அதில் போனது என் பிள்ளை. ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளுக்கும் போனது. அவளுக்கு ஊரில் வீடும் இல்லை, வைப்பதற்கு நிலையும் இல்லை. உங்கள் கை ஒன்றும் செய்யவில்லை அண்ணாச்சி. சாப்பிடுங்கள். மதினியை அழவிடாதீர்கள்.

அதற்காக உங்கள்மேல் கோபம் இல்லை என்று நினைக்க வேண்டாம். மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் நிலை இருக்கிறது, கடப்பாரை இருக்கிறது, கடற்கரை இருக்கிறான். "குழலு, நீ எப்படி இருக்கே" என்று ஒரு வரி இருக்கிறதா, தேடிப் பார்த்தேன். என்னை அனுப்பிவிடச் சொல்லி அவருக்கு எழுதுகிறீர்கள். நான் என்ன சவுக்கையில் கிடக்கிற தேக்கா?

இவருக்கும் சொல்கிறேன். விசேஷம் இல்லை என்று நீங்கள் எழுதினது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என் வயிற்றில் இருப்பதை இல்லை என்று எழுத என்னிடம் கேட்டீர்களா? நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அண்ணாச்சிக்கு எழுதினீர்கள். பிள்ளை போன விஷயத்தைத்தான் எழுதுகிறீர்கள், எழுதி ஆற்றிக்கொள்ளட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஓடுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கை வரவில்லை என்றால் பேனாவை என்னிடம் கொடுத்திருக்கலாம். எனக்கும் எழுதத் தெரியும்.

இதுவரை எழுதியதை வாசிக்கும்போது இந்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறார். மேலே எழுது என்கிறார்.

எழுதுகிறேன். பத்திரம் சிவசைலத்திடம் போக வேண்டாம். உங்களிடமே இருக்கட்டும் அண்ணாச்சி. தை பிறந்ததும் கப்பல் ஏறுகிறோம். லீவு முடிந்தால் இவர் திரும்புவார், நான் திரும்பவில்லை. வீடு முடிகிறவரை மேலகரத்தில் நின்று நானே பார்த்துக்கொள்கிறேன். கடற்கரைக்கு என்ன சொல்ல வேண்டுமோ நேரில் சொல்கிறேன். அதுவரை அங்கே யாரும் ஒரு கல்லைத் தொடக் கூடாது. நிலையை மழை படாமல் சாக்குப் போட்டு மூடி வையுங்கள். அதை மறுபடி நிறுத்தும்போது ஒரு கால் நான் பிடிப்பேன். மறு காலை உங்களில் யாருக்குக் கோபம் தீர்ந்திருக்கிறதோ அவர் பிடிக்கலாம். இரண்டு பேருக்கும் தீராவிட்டால் மதினி இருக்கிறாள்.

அப்புறம் அந்த மேற்குச் சுவர். ஜன்னல் வேண்டும் என்று இவரும் வேண்டாம் என்று நீங்களும் சண்டை போட்டீர்கள். அந்தப் பின்கட்டில் பகல் முழுக்க இருக்கப் போகிறவள் யார்? எனக்கு அங்கே ஜன்னல் வேண்டாம். வடக்கே வைத்த புறவாசலை அடைத்துவிட்டு மேற்கே வைக்க வேண்டும். வேலை ஒழிந்த நேரத்தில் அந்தப் படியில் உட்கார்ந்து நான் மலையைப் பார்க்க வேண்டும். ஆனியில் சாரல் உள்ளே அடிக்கத்தான் செய்யும், எனக்குத் தெரியும். அடிக்கட்டும். துடைக்கப் போவது நான்தானே.

குழல்வாய்மொழி