தேக்கு மயில்

ஆவணி 14, வெள்ளி.

இன்னிக்கி பாவாவோட கடை திறப்பு. அக்கா வீட்டுக்காரராச்சேன்னு என் பட்டறையில சேர்த்து, கம்ப்யூட்டர்ல வரைஞ்சதை மரத்துல செதுக்குற மிஷினை அவருக்குக் கத்துக்கொடுத்ததே நான்தான். கைப்பிடியைச் சுத்தினா தோகை விரிக்கிற மயில், நாலு மாசம் நான் வரைஞ்சது. அந்த ஃபைலை பென்டிரைவ்ல எடுத்துகினு போய், பள்ளிப்பட்டு ரோட்ல தனிக்கடை போட்டுட்டார். கேட்டா, "மிஷின்தானே செதுக்குது? நீ பட்டனை அழுத்தினே, அவ்ளோதானே"ன்னார்.

போன வாரம் போன் பண்ணி பெருமை வேற. "நீ பிளைவுட்ல பண்ணே. நான் முழுத் தேக்குலயே பண்றேன்."

தோகையைத் தூக்குற பல்சக்கரத்தை ஒரே பலகையில வெட்டினா, நார் குறுக்கா வர்ற இடத்துல பல்லு ஒடிஞ்சிடும். அதுக்காகத்தான் நான் நாரை மாத்தி மாத்தி ஒட்டின பிளைவுட்டே எடுத்தேன். சொல்லியிருக்கலாம். "நல்லா இருக்கும் பாவா"ன்னு மட்டும் சொன்னேன்.

இன்னிக்கி அத்தனை பேர் பார்த்துகினு இருக்க, கைப்பிடியைச் சுத்தினார். தோகை பாதி எழுந்துச்சு. படக்னு ஒரு சத்தம். தோகை அப்படியே தொங்கிடுச்சு. முன்னாடிதான் நின்னுகினு இருந்தேன். கிட்ட வந்து, "என்னான்னு கொஞ்சம் பாரும்மா"ன்னார்.

"பட்டனை அழுத்துங்க பாவா. மிஷின் பார்த்துக்கும்."

அக்கா மட்டும் என் மூஞ்சியையே பார்த்தா. நான் வீட்டுக்கு வந்ததுல இருந்து நாலு தடவை போன் பண்ணிட்டா. எடுக்கல.

ஒடிஞ்ச பல்லு என் காலடியிலதான் வந்து விழுந்துச்சு. எடுத்துகினு வந்துட்டேன். நாளைக்கு அதுல ஒரு ஓட்டை போட்டு வண்டிச் சாவியில மாட்டிக்கணும்.