கை வைக்காத கார்

ஓகஸ்ட் 11, திங்கள்

சோளகக் காற்று. விடியமுதலே புழுதி. காரை மூடியிருந்த படங்கு பறந்துபோய் முருங்கையில் தொங்கியது. இறக்க அரை மணித்தியாலம்.

கார் இன்றும் மறுத்துவிட்டது. பதினான்கு தரம் ஸ்ரார்ட் அடித்தேன். பதினைந்தாவதில் பிடித்தது, இருமியது, நின்றது. சோக்கை முழுக்க இழுத்துப் பிடித்து ஒருவழியாக எழுப்பினேன். சூடேறினால் ஓடும், ஆனால் குலுக்கம். ரோட்டில் கொஞ்சம் மிதித்தால் மூச்சு வாங்குகிறது, என்னைப் போல. உள்ளே லேசாகப் பெற்றோல் மணம். பழைய கார் என்றால் மணக்கத்தான் செய்யும்.

இதுவரை:
பற்றரி – நல்லது.
பிளக் நான்கும் – புதிது.
பொயின்ற், கொண்டென்சர் – மெக்கானிக் யோகராஜ் (யோ.) மாற்றியவன்.
காபரேற்றர் – யோ. இரண்டு தரம் கொண்டுபோய்க் கழுவியாயிற்று.
பெற்றோல் – இரண்டு இடத்தில் அடித்துப் பார்த்தேன். ஒரே இருமல்.

யோ.வின் கராஜ் பரந்தன் சந்தி தாண்டி முல்லைத்தீவு ரோட்டில். நாற்பது வயதிருக்கும். இந்தப் பக்கத்தில் இவ்வளவு பழைய இங்கிலிஸ் காரில் வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதற்காக அவன் சொல்வதெல்லாம் கேட்க முடியுமா? போன கிழமை அடியில் இருக்கும் தகரத்தைக் கழற்ற வேண்டும் என்று நின்றான். விடவில்லை. “அது ஒறிஜினல் மறைப்பு. கை வைக்காதையும்” என்றேன். எஞ்சின் ரைமிங்கையும் தன் பாட்டுக்கு மாற்றி வைத்திருந்தான். இன்று நானே தளர்த்தி, பழையபடி என் ஆணிக்கீறல் அடையாளத்துக்குக் கொண்டுவந்து இறுக்கிவிட்டேன். எத்தனையோ வருசம் அந்தக் கீறலில்தான் ஓடியது.

21ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையில் கல்யாணம். கடற்றொழில் குடும்பம். பொம்பிளையை வீட்டிலிருந்து கோயிலுக்கு ஏற்ற வேண்டும். தாய் மரியம்மா ரெலிபோனில்: “ஐயா, கார் வருந்தானே? பிள்ளை அந்தக் காரிலதான் போவன் எண்டு நிக்கிறாள்.”

வரும் என்றேன்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

காற்று குறையவில்லை. கார் எழும்பவில்லை. சந்திக்குப் பஸ்ஸில் போனேன். அதுதான் வினை.

குணத்தின் தேத்தண்ணிக் கடை. பத்து மணி. மர வாங்கில் வழக்கமான நாலு பேர். குணம் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே: “என்ன போஸ்மாஸ்ரர், உங்கட இங்கிலிசுக்காரன் இண்டைக்கும் எழும்பேல்லையோ?”

சிரிப்பு. பென்சன் எடுத்து நாலு வருசமாகியும் நான் போஸ்மாஸ்ரர்தான். அந்த மரியாதையோடு சேர்த்துத்தான் நக்கலும்.

“எழும்பும். ஒறிஜினல் காபரேற்றர் இருந்தா எழும்பும்.”

“அப்ப அது எங்கை?”

“யோகராஜைக் கேளும். கழுவிறன் கழுவிறன் எண்டு ரெண்டு தரம் கொண்டுபோனவன். நல்லதை எடுத்துப்போட்டு ஓட்டையைப் பூட்டி விட்டிருக்கிறான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு சொல் சேர்த்தேன். அவனுடைய ஆட்களைப் பற்றிய சொல். முதலில் வந்த சிரிப்பை விடப் பெரிய சிரிப்பு. இந்தத் தரம் என்னைப் பார்த்து அல்ல. அது எனக்கு நன்றாக இருந்தது. உள்ளதை எழுதுகிறேன்.

நாலு பேரில் ஒருவர், உழவு மெசின்காரர், தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழும்பினார். “என்ர மெசினும் அவனிட்டைத்தான் கிடக்குது. எடுக்கவேணும்.”

வாங்கியவை: கத்தரிக்காய், தீப்பெட்டி, படங்குக்குக் கயிறு.

ஓகஸ்ட் 13, புதன்

சறோ சங்கக்கடைக்குப் போய் வந்தாள். பையை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. முப்பத்தைந்து வருசம் குடும்பம் நடத்திய எனக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

“யோகராஜைக் கள்ளன் எண்டு சொன்னனீங்களோ?”

“காபரேற்றர்...”

“மாத்தினதைக் கண்டனீங்களோ?”

“காணேல்லை. ஆனா...”

“தோட்டக்காட்டான் எண்டும் சொன்னனீங்களாம்.”

சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டபோதுதான் அதன் நாற்றம் தெரிந்தது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியிருக்கும் சனத்தை எங்கள் ஆட்கள் இளக்காரமாகச் சொல்லும் சொல். நேற்று எழுதாமல் விட்டேன். இன்று எழுதியாயிற்று. கை கூசுகிறது.

“எங்கட வயலில நாத்து நடுறதும் அந்தச் சனம்தான். சோறு தின்னேக்கை தெரியாதோ?”

மத்தியானம் அவள் என்னோடு இருந்து சாப்பிடவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு இல்லை. கேட்கவில்லை.

ஓகஸ்ட் 15, வெள்ளி

வெயில். தலையிடி. இதை எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு மாதிரி நினைத்துக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியும்.

காலையில் காருக்குள் புழுதி தட்டினேன். கல்யாணத்துக்கென்று போட்ட சிவப்புக் கம்பளத்தை உரித்து வெளியே போட்டேன். சாரதி காலடியில் பெற்றோல் மணம் கூடுதல். தரையில் கொழும்புப் பிஸ்கற் ரின் மூடி ஒன்று, நாலு ஆணி அடித்து. அந்த மூடியை அடித்தவன் நான்.

திறந்தேன். நான் பூட்டிய திருப்புக் குழாய்.

சண்டைக்காலப் பொருளாதாரத் தடை வருசங்களில் வன்னிக்குள் பெற்றோல் கண்ணில் காண்பதில்லை. எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஆகவே சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல். அதில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய் ராங்கிக்கு விடுவது. சீற்றில் இருந்தபடியே காலடியில் திருப்ப வசதியாக, தரையில் ஓட்டை போட்டுப் பூட்டினேன். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள். ரைமிங்கையும் மண்ணெண்ணெய்க்கு ஏற்றபடி பின்னுக்கு இழுத்து ஆணியால் கீறி வைத்தேன்.

பிறகு கார் வவுனியாவில் தங்கச்சி வீட்டில் நின்றது. அதனால் கடைசிச் சண்டையில் தப்பியது. பெற்றோலும் திரும்பி வந்தது. போத்தலைக் கழற்றி எறிந்தேன். குழாயில் போத்தல் பூட்டியிருந்த வாய்க்குச் சைக்கிள் ரியூப் துண்டொன்றை வைத்துக் கம்பியால் இறுக்கினேன். மேலே பிஸ்கற் மூடி, கீழே தகரம். வெளிநாட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர்கள் “ஒறிஜினலோ?” என்று கேட்டார்கள். “கை வைக்காத கார்” என்றேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன்.

ரியூப் துண்டு கையில் எடுக்கப் புட்டு மாதிரி உதிர்ந்தது. பம்ப் இவ்வளவு நாளும் பெற்றோலோடு சேர்த்துக் காற்றையும் இழுத்திருக்கிறது. இரவில் பைப்பில் நிற்கும் பெற்றோல் ராங்கிக்கே திரும்பி வடிந்துவிடும். காலை அடம் அதனால்தான், குலுக்கமும் அதனால்தான். காபரேற்றரில் ஒரு குறையும் இல்லை. அதன் அடியில் நான் முன்பு போட்ட வெட்டுக்குறி அப்படியே இருக்கிறது, இன்றுதான் பார்த்தேன். என்னுடையதேதான்.

யோ. போன கிழமையே கேட்டான். “அண்ணை, பெற்றோல் லைனில வேற எங்கையும் வெட்டி ஒட்டியிருக்கோ?” இல்லை என்றேன். தகரத்தைக் கழற்றட்டோ என்றான். கை வைக்காதையும் என்றேன்.

குழாயை எடுத்துவிட்டு நேர்ப் பைப் பூட்டினேன். ஒரு அடியில் ஸ்ரார்ட்.

சறோ குசினி வாசலில் வந்து நின்று பார்த்தாள். “எங்கையாம் பிழை?”

“லைனில” என்றேன். யாருடைய பிழை என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஓகஸ்ட் 16, சனி

ஓட்டிப் பார்க்கப் பளை வரை. இருமல் இல்லை, குலுக்கமும் இல்லை. சூடு மட்டும் கொஞ்சம் கூட, இழுவையும் காணாது. பரவாயில்லை.

வரும் வழியில் குணம் கடைக்குள் இருந்து கை காட்டினான். நிறுத்தாமல் வந்திருக்கலாம். நிறுத்தினேன்.

“பாத்தியளோ! அவனிட்டை இருந்து காரை எடுத்தோன்ன எப்பிடி ஓடுது!” குணம் வாங்கில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னான். “போஸ்மாஸ்ரர் சொன்னது சரிதான்.”

ஒருவர்: “வேற காபரேற்றர் போட்டனீங்களோ?”

நான் “ம்” என்றேன்.

எனக்கு அறுபத்துநாலு வயது. தபால் கந்தோரில் ஒரு கடிதத்தைக்கூடப் பிழையாகத் தரம் பிரிக்காதவன். ஒரு “ம்”மில் ஒரு மனிசனைக் கள்ளன் என்று முத்திரை குத்திவிட்டு வந்தேன். கார் நன்றாக ஓட ஓட அவனுடைய பெயர் கெடுகிறது. பழுதாகவே நின்றிருக்கலாம்.

முன்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வானையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டார்களாம். குணம்தான் சொன்னான், எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்து.

ஓகஸ்ட் 18, திங்கள்

கராஜுக்குப் போனேன். காரை வீட்டில் விட்டு, நடந்து. முற்றத்தில் ஒரு மோட்டச்சைக்கிள் மட்டும் நின்றது. முன்பு வாகனங்களுக்கு நடுவே விலகித்தான் உள்ளே போக வேண்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், ரியூப், “ம்” உட்பட. என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். வீட்டிலிருந்து வரும்போது பாடமாக்கிய வசனம். கடைசிப் பாதி மறந்துபோயிற்று.

யோ. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“அண்ணை, நீங்கள் என்னட்டை ஒண்டும் சொல்லேல்லையே. குணத்தின்ர கடையில எல்லோ சொன்னனீங்கள். அங்கை சொல்லுங்கோ.”

“சொல்லுறன்.”

“கள்ளன் எண்டதைக்கூட விடுங்கோ. நான் கிளிநொச்சியில பிறந்தனான். அப்பாதான் மலையில இருந்து வந்தவர். இப்ப என்ர மகளை ரியூசனில ஒரு பிள்ளை அந்தச் சொல்லாலை கூப்பிட்டிருக்கு. அவளுக்கு விளங்கேல்லை. வீட்டை வந்து, அப்பா அது என்ன எண்டு கேக்கிறாள்.”

யோ. ஸ்பனரை எடுத்தான்.

“கடையில இருந்து ரியூசனுக்குப் போக அந்தச் சொல்லுக்கு மூண்டு நாள்தான் எடுத்தது” என்றான். பிறகு மோட்டச்சைக்கிளுக்குத் திரும்பிவிட்டான்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

மரியம்மா மறுபடியும் ரெலிபோன். கார் ஓடுகிறது என்றேன். “மாதா காப்பாத்திப்போட்டா” என்றார்.

பத்துக்குக் குணம் கடை. பிளேன்ரீ மூன்று. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை: (1) உழவு மெசின்காரர் வரவில்லை. (2) புதிய ஆட்கள் இருவர் இருந்தார்கள். (3) குணம் அலுவலாக நின்றான். (4) பயம். முதல் மூன்றையும் வெட்டிவிடலாம்.

பின்னேரம் அடித் தகரத்துக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துப் பூட்டினேன். கம்பளம் விரித்தேன். ரிபன் வாங்கினேன், வெள்ளை.

சறோ: “சொன்னனீங்களோ?” அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

“நாளைக்கு.”

“நாளைக்கு” என்று அவளும் சொன்னாள், என் குரலில்.

ஓகஸ்ட் 20, புதன்

காற்று விழுந்துவிட்டது. இலை ஆடவில்லை.

குழாயைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனேன். நாலு பேரும் இருந்தார்கள். உழவு மெசின்காரரும். மேசையில் வைத்துப் பிரித்தேன். குணம்: “என்ன போஸ்மாஸ்ரர், பார்சலோ?”

“காரின்ர வருத்தம் இதுதான். மண்ணெண்ணெய்க் காலத்தில நான் பூட்டினது. யோகராஜ் கழட்டிப் பாக்கக் கேட்டவர், நான் விடேல்லை. காபரேற்றர் என்ர பழசுதான், ஒருத்தரும் மாத்தேல்லை. நான் பொய் சொன்னனான்.”

உழவு மெசின்காரர் குழாயை எடுத்து வாயில் ஊதிப் பார்த்தார். காற்று மறுபக்கத்தால் வந்தது. வைத்துவிட்டார்.

குணம் சிரித்துக்கொண்டு: “சரி விடுங்கோ. இதை எடுக்காட்டியும் வேற ஏதும் எடுத்திருப்பான். தோட்டக்காட்டான் எல்லோ.” நான் இழுத்துச் சொன்ன அதே இழுவை. வாங்கில் அதே சிரிப்பு.

எழும்பி நின்றேன். “குணம், அந்தச் சொல்லை இந்தக் கடைக்குள்ள கொண்டுவந்தவன் நான். அந்த மனிசன்ர பிள்ளை அதின்ர அர்த்தம் என்னெண்டு கேட்டிருக்கு. நான் சொன்னது கேவலம். இப்ப நீ சொன்னதும் கேவலம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ காற்று நின்றதைப் பற்றிக் கதைத்தார்கள். என் தேத்தண்ணி வரவில்லை. இனி அந்தக் கடையில் எனக்கு இடம் இருக்குமோ தெரியாது.

அங்கிருந்து காரோடு நேரே கராஜ். யோகராஜுக்குச் செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது, சந்தி அப்படி. ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, தலையைச் சரித்துக் கேட்டார். பொனற்றைத் திறந்தார்.

“ரைமிங் நான் வைச்ச இடத்தில இல்லை. ஆர் திருப்பினது?”

ஓட்டத்தில் தளர்ந்திருக்கும் என்ற பதில் நாக்கு நுனி வரை வந்தது.

“நான்தான்.”

“மண்ணெண்ணெய்க் கீறலுக்கோ?”

“ஓம்.”

முன்னுக்கு நகர்த்தி இறுக்கினார். சத்தம் மாறியது. நான் இந்தக் காரில் ஒருநாளும் கேட்டிராத சத்தம். பிறகு குனிந்து அடியைப் பார்த்தார். பெயின்ற் இன்னும் காயாமல் மினுங்கியது.

“உள்ளுக்கு இப்ப ஒண்டும் இல்லையே அண்ணை. பிறகேன் தகரத்தைப் பூட்டினனீங்கள்?”

ஸ்பனர் கேட்டு வாங்கி, வெள்ளைச் சேட்டோடு நிலத்தில் படுத்து நானே கழற்றினேன். தகரத்தை அவருடைய இரும்புக் குவியலில் போட்டேன். கை முழுக்கக் கறுப்பு. ஒரு துணித் துண்டு எறிந்தார். அவ்வளவுதான். போகிறன் என்றபோது தலையை மட்டும் ஆட்டினார்.

நாளை: நாலரைக்கு எழும்ப. காருக்குத் தண்ணீர் ஒரு கான். ரிபன், பூமாலை. சேட் தோய்க்க முடியாது, வேறு. மரியம்மா வீட்டில் யாராவது ஒறிஜினலோ என்று கேட்டால்: இல்லை, கை வைத்த கார், வைத்தது நான்.