இரண்டு வீட்டுக்கு ஒரே கடிதம்

மாசி பெரியசாமி துணை

அரியூர் நாடு,
சுபானு வருஷம், ஆவணி 12

அன்பு மகன் மாதேஸ்வரனுக்கு அப்பன் குப்புசாமி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நான், உன் ஆத்தாள், தம்பி சின்னான் மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வழக்கமான கேள்வி என்று தள்ளிவிடாதே.

இதைத் தபாலில் போடவில்லை. கோயம்புத்தூருக்கு மிளகு கொண்டுவரும் நம் நல்லமுத்து உன் கையிலேயே தருவான். வாத்தியாரை வைத்தும் எழுதவில்லை. பாதிரியார் பள்ளியில் படித்த நாலு எழுத்தைக் கொண்டு நானே எழுதுகிறேன்.

போன வாரம் நீ எழுதியதாக ஒரு கடிதம் வந்தது. கொத்தனார் படிப்பு நன்றாக நடக்கிறது, சாப்பாடு உயர்வு, யுத்தம் முடிந்ததும் ஊரெங்கும் வேலை, தம்பியையும் உடனே அனுப்புங்கள் என்று இருந்தது. ஆத்தாளின் மூட்டுவலி எப்படி என்றும் கேட்டிருந்தது. உன் ஆத்தாள் நேற்றுகூட விறகுச் சுமையோடு மேடேறி வந்தாள். அவளுக்கு ஏது மூட்டுவலி? மறுநாள் அப்பாசாமி வீட்டுக்குப் போனேன். உன்னோடு சேர்ந்த அவன் மகன் ராசுவும் கடிதம் போட்டிருக்கிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பெயரைத் தவிர வரிக்கு வரி ஒன்று. அவனும் தாயின் மூட்டுவலியை விசாரித்திருந்தான். அவள் செத்து மூன்று வருஷம் ஆகிறது.

ஆள் சேர்க்கிற ஐயா காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு மறுபடி வந்தார். சின்னானின் மார்பை நாடா வைத்து அளந்தார். செங்கல் வைக்கிறவனுக்கு மார்பளவு எதுக்குங்க என்று கேட்டேன். மலைப் பிள்ளைகள் மழையில் கிடந்து பாழாகக் கூடாது, அதுதான் தன் கவலை என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

சின்னான் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவனையும் குறை சொல்ல முடியாது. சித்திரையில் லீவில் வந்து நீ கட்டிய கொட்டகைச் சுவர் இந்த மழைக்கும் அசையவில்லை. நம் மலையில் வீடு கட்ட ஊரே கூடிவிடும், கூலி தருவாரில்லை. கீழே போனால்தான் கொத்தனாருக்கு மதிப்பு என்கிறான். நியாயம்தான். தொழில் பொய்யில்லை. சொல்லித் தருகிறவர்களை நம்பத்தான் எனக்கு மனம் வரவில்லை.

இருபத்தாறாம் தேதி ஐயா வண்டியோடு வருகிறார். அதற்குள் நல்லமுத்து திரும்பிவிடுவான். தம்பி வரலாமா, கூடாதா? எழுத வேண்டாம். நல்லமுத்து காதில் சொல்.

உன்னைப் பற்றியும் சொல். கையில் சாந்து பூசும் கரணை பிடிக்கிறாயா, துப்பாக்கி பிடிக்கிறாயா? கொத்து வேலைக்குப் போனவர்களைக் கப்பலேற்றப் போகிறார்கள் என்று சந்தையில் பேச்சு. ஆத்தாளிடம் நான் எதையும் சொல்லவில்லை. மகன் விசாரித்தானே என்று அவள் நோகாத முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். "எம் புள்ளைய ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்கிறாள்.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் சின்னானைக் கூட்டிப்போக முடியாதாம். உன் பதில் வராமல் போட மாட்டேன். உனக்குப் போட்டுவிட்டேனே, கண்ணு. படிக்கத் தெரியாத இங்கிலீஷ் காகிதத்தில், அந்த ஐயா விரல் வைத்த இடத்தில் போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று படித்தவர் யாரிடமாவது கேட்டுச் சொல். எதுவானாலும் சொல். பெரியசாமி உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பன்
குப்புசாமி