ஆணியில் தொங்கும் ரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு எல்தார் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இரு நாட்டு கால்பந்து கிளப்புகளின் கோப்பைப் போட்டிக்காக எங்கள் அந்திஜான் அணி எல்லை தாண்டி நம் ஊர் ஓஷுக்கே வந்தது. மைதானத்திலிருந்து நம் வீடு கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் நேராக பஸ் ஏற வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

கோல் காத்தது நான்தான்; கடைசி நேரத்தில் மழையில் நனைந்த பந்து என் கையை விட்டு நழுவி கோலுக்குள் போனது. சத்தியமாக நழுவியதுதான், அம்மா. நம் ஊர்க்காரர்களோ, "எல்தாரு நம்ம பய! ஊர் மானத்தைக் காப்பாத்திட்டான்!" என்று கத்தினார்கள். வைதிருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ்ஸுக்குப் போகும்போது மச்சான் வேலிக்கு மேலே ரொட்டியை நீட்டினார். நான் புறப்பட்ட அன்று ஒரு கடி கடிக்கச் சொல்லி, மீதியைத் திரும்பி வந்து தின்பதற்காக நீங்கள் ஆணியில் மாட்டிய அதே ரொட்டி.

"அதான் ஊருக்கு வந்துட்டேல்ல, சாப்பிடு மாப்ள!"

எங்கள் கேப்டன் ஷெர்சோத் முந்திக்கொண்டான். "என்னடா, கோல் விட்டதுக்குக் கூலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை மட்டும் நீளவில்லை.

மச்சானைத் திட்டாதீர்கள். முடிந்தால் கம்பளிக் காலுறையும் கொஞ்சம் காய்ந்த தயிருருண்டையும் அனுப்புங்கள். பயிற்சிக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

நம் வாசற்படியை நான் இன்னும் மிதிக்கவில்லை, அம்மா. ரொட்டியை மறுபடி ஆணியிலேயே மாட்டிவிடுங்கள்.

எல்தார்