வெட்டக் கொடுக்காத சரணம்

நேற்று மொன்றியலில் பியர்பொன்ட்ஸ் போகும் பஸ்ஸில் என் மகளின் கைபேசியை எட்டிப் பார்த்தேன். ஒரு பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு எச்சரிக்கைக் குறி. பிள்ளைகளுக்கு ஆகாத பாட்டென்று அர்த்தமாம், பிரெஞ்சில் விளக்கினாள். எனக்கு உடனே உன் முகம்தான் நினைவில் வந்தது. கோபம் வந்தால் மூக்கு நுனி சிவக்கிற அந்த முகம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். இசைத்தட்டுகளில் வயதுத் தரம் ஒட்டச் சொல்லி அரசாங்கம் கம்பனிகளை நெருக்கிய காலம். மொன்றியலுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு வீட்டின் நிலவறையில் உன் பாட்டைப் பதிவு செய்தோம். நீ எழுதிப் பாடினாய், நான் கிற்றார் வாசித்தேன். மன்னாரில் ஷெல் விழுந்து உன் தங்கச்சியின் உயிர் போனதும், அவளுடைய ஒற்றைச் செருப்போடு அம்மா நின்றதும் மூன்றாவது சரணத்தில் வரும். வெளியிட இருந்த கம்பனிக்காரர் பயந்துவிட்டார். அந்தச் சரணத்தை வெட்ட வேண்டும், இல்லையென்றால் பதினெட்டு வயதுக்கு மேல் என்று முகப்பில் ஒட்ட வேண்டும் என்றார். இரண்டுக்கும் நீ மாட்டேன் என்றாய்.

அரசாங்கக் குழு மொன்றியலில் கருத்துக் கேட்க வந்தபோது பாட்டுக்காரர் பலர் பேசப் போனார்கள். நீ பிள்ளைகளைப் பராமரிக்கும் கார்தெறியில் வேலை முடித்து, சட்டைக் கையில் வர்ணக் கறையோடு நேரே வந்தாய். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைப் போடுவீர்களா என்று குழுத் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். உடைந்த பிரெஞ்சில் நீ கொடுத்த பதிலை, திரும்பும் வழியில் மெத்ரோ ரயிலில் தமிழில் எனக்கு மறுபடி சொல்லிக் காட்டினாய்.

"சின்னதுகளுக்கு எதைப் போடுறது எண்டு எனக்குத் தெரியும். அதுக்கு அரசாங்கத்தின்ரை ஸ்டிக்கர் தேவையில்லை. இது நடக்கேக்கை எனக்குப் பதினொரு வயசு, தங்கச்சிக்கு ஆறு. விழுந்த ஷெல்லிலை வயசு எழுதியிருக்கேல்லை."

மண்டபத்தில் நீ பேசிவிட்டு இறங்கினாய். அடுத்துப் பேச வேண்டிய நரைத்த குடுமிக்காரர், கியூபெக்கில் நல்ல பெயருள்ள பாடகர், கொண்டுவந்த பேச்சை மடித்துப் பைக்குள் வைத்தார். தன் தட்டிலும் எதையும் ஒட்ட விடமாட்டேன் என்று மட்டும் சொன்னார். பின்னால் இருந்த பாட்டுக்காரர்களும் அதற்கு ஆதரவாய் ஒவ்வொருவராய் எழுந்து நின்றார்கள்.

அந்தத் திட்டம் கைவிடப்பட்டதாக ஒருவரும் அறிவிக்கவில்லை. அதைப் பற்றிய பேச்சுத்தான் நின்றுபோனது. கம்பனிக்காரரும் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. நாங்களே தட்டு அடித்துக் கோவில் வாசலிலும் தெரிந்தவரின் டெப்பனர் மூலைக்கடையிலும் விற்றோம். முகப்பில் உன் தங்கச்சியின் பெயர் மட்டும்.

போன மாரிக் குளிரில் நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு, அந்தப் பாட்டை நான் பாடுகிறேன். போன மாதம் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில், பிள்ளைகள் இருக்கினம், அந்த மூண்டாம் சரணத்தை விட்டுட்டுப் பாடுங்கோ என்று ஒருவர் வந்து காதுக்குள் சொன்னார். அப்படியென்றால் பாடவே மாட்டேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

உன் சுருதி எனக்கு எட்டாது. மூன்றாவது சரணத்தில் குரல் உடையவும் செய்யும். உடைந்த குரலோடேயே, ஒரு சொல்லும் விடாமல் பாடி முடிக்கிறேன்.